மூச்சு வாங்கும் இடம்

நாலு ஆள் உயரத்துக்குத் திரையில் நிற்கும் புருஷனின் முகத்தைப் பார்த்துப் பாடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போய் இருக்கிற புருஷன் என்றால் கேட்கவே வேண்டாம்.

நம் பாடகிக்கு வாய்த்தது அப்படி. ஓபரா என்று பேர். வசனமே கிடையாது; ‘காபி ஆறிப்போச்சு’ என்பதைக்கூடப் பாடித்தான் சொல்ல வேண்டும். கதை என்னவோ இந்தக் காலத்துக் கதைதான். வானத்தைத் தொடுகிற மாதிரி கட்டடம் கட்ட வெளியூர் போன ஒருவன் மேலேயிருந்து விழுந்துவிடுகிறான். ‘அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை’ என்று கம்பெனி கையை விரித்துவிடுகிறது. பெண்டாட்டியிடம் மிஞ்சியிருப்பதெல்லாம் அவன் போனில் அனுப்பிய வீடியோக்கள் மட்டும்.

அவன் மேடைக்கு வரவே மாட்டான். பின்னால் உள்ள திரையில் வருவான், சிரிப்பான், கையை ஆட்டுவான். கடைசிக் காட்சியில் அவள் அந்தக் கட்டடத்தின் சாரத்தில் ஏறி நின்று, கடைசி வீடியோவைப் பார்த்து, ‘எந்த மாடியில் நிற்கிறாய், கீழே இறங்கி வா’ என்று பாடுவாள். அந்த ‘வா’வை ஒரே மூச்சில் நீட்டுவாள். வாத்தியம் எதுவும் கிடையாது. அவள் குரலும் அவன் முகமும்தான். மூச்சு தீரும் நொடியில் திரையும் இருட்டிவிடும். அதோடு அவள் கதையும் முடிந்தது.

திரையில் வருவதற்குப் பேசி வைத்திருந்த நடிகர் படப்பிடிப்புக்கு முந்தின நாள் கால் ஒடிந்து படுத்துவிட்டார். படத்தை வெட்டி ஒட்டுகிற பாடகியின் புருஷன், நம் கத்திரியே முகத்தைக் காட்ட வேண்டியதாகிவிட்டது. தொழிலால் வந்த பட்டப்பேர். பெற்ற தாயே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்தத் தாய் மகன் கட்சி இல்லை என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிற உங்களுக்குத் தெரியும். பாடகியின் பாட்டை அவளைக் கேட்காமல் தான் தொகுத்த ஒரு சினிமாவிலிருந்து வெட்டி எறிந்தான் கத்திரி. வெட்டியது அவளுக்குத் தெரிந்ததே தியேட்டரில், ஊரோடு உட்கார்ந்து படம் பார்த்தபோதுதான். அன்றைக்கு வந்த சண்டையில் அவன் வீட்டை விட்டுப் போனான். அவன் தாய், பாடகிக்கு அத்தை, கூடப் போகவில்லை. “பெட்டியைத் தூக்கற வயசு எனக்கு இல்லப்பா, நீ போ” என்று மருமகளோடு தங்கிவிட்டாள். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இதே ஓபராவில் கோரஸில் சேர்ந்துகொண்டாள். காணாமல் போன மகன்களுக்காகக் கட்டட வாசலில் காத்து நிற்கும் தாய்மார் கூட்டத்தில் ஒருத்தி.

‘இந்த இரண்டு பேரையும் சீக்கிரம் சேர்த்து வையுங்கள்’ என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கையிலா இருக்கிறது? போன வாரம் பாடகி மேக்கப் அறைக் குளியலறையில், கையிலிருந்த சின்னப் பட்டையில் இரண்டு கோடு தெரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அப்போது அவளைத் தவிர அங்கே யாருமில்லை.

இன்னும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

---

காலையில் அத்தை முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றியதுமே பாடகி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

“என்ன கண்ணு, சாப்பிடலையா?”

“பாடறதுக்கு முன்னாடி வயிறு காலியா இருக்கணும் அத்தை.”

“ஒத்திகை மத்தியானம்தானே. அதுவரைக்கும் டீசல் இல்லாம வண்டி ஓடுமா?”

வெளியே பனி இறங்கி எதிர் வீட்டுச் சுவர்கூடச் சரியாகத் தெரியவில்லை. தெருவில் போகிறவர்களுக்குத் தலை மட்டும் இருந்தது, கால் இல்லை. பாடகி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சில நாட்களாகவே அவளுக்கு எல்லாம் இப்படித்தான், பாதி தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது.

அத்தை முட்டையை ஒரு தட்டால் மூடி ஓரமாகத் தள்ளினாள். ரொட்டியை மட்டும் வாட்டி எடுத்து வந்து நீட்டினாள். பாடகி வாங்கிக்கொண்டாள்.

“நேத்து ஒத்திகையில உன் பாட்டு பாதியில நின்னு போச்சு, இவன் பாட்டுக்குத் திரையில முழிச்சிட்டு நிக்கறான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, மன்னிச்சுக்கோ. பஸ்ஸைத் தவற விட்டவன் மாதிரி ஒரு முழி.”

“டைரக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரலையே அத்தை.”

வரவில்லைதான். டைரக்டர் அம்மா மேடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். “ஒரே மூச்சா இருக்கணும்மா. நடுவுல மூச்சு வாங்கினா இவ பிழைச்சுக்குவான்னு ஜனங்க நினைச்சுடுவாங்க. அப்புறம் என்ன துயரம் இது? நாளைக்கு முழு ஒத்திகை. நாளைக்கும் பத்தலைன்னா நான் வேற வழி பாக்கணும்.” வேறு வழி என்றால் மாற்றுப் பாடகி. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் உதட்டை மட்டும் அசைத்துப் பாடிக்கொண்டிருக்கிற பெண். கெட்டவள் இல்லை, பாவம். அவளுக்கும் ஆசை இருக்காதா?

“பெல்ட் இறுக்குது அத்தை. சாரத்துல கட்டிக்கறோமே, அது. அதான் மூச்சு பத்தலை.”

“பெல்ட்டா?”

“ம்.”

அத்தை சட்டியைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

“பெல்ட்டுதான்னா தளர்த்திக்கலாம்,” என்றாள் கடைசியில்.

பாடகி ரொட்டியை மென்றுகொண்டே தெருவைப் பார்த்தாள். எத்தனை வருஷம் யார் யாருடைய தோளுக்கோ பின்னால் நின்று கோரஸ் பாடியிருக்கிறாள். இப்போதுதான் முதன்முதலாக ஒரு மேடை முழுக்க அவளுடையது. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் தியேட்டர்க்காரர்கள் அவளைச் சாரத்தில் ஏற விடமாட்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்லவும் முடியாது.

அவளுக்கு மட்டும் பயம் இல்லையா? முன்பு ஒரு தரம் பிள்ளை உண்டாகியிருந்தது. நாலாம் மாதம் தங்காமல் போய்விட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. இப்போது ஏறினால் ஒன்று போய்விடுமோ, ஏறாவிட்டால் இன்னொன்று போய்விடுமோ என்று அவள் மாறி மாறி யோசித்தாள். முதல் நாள் காட்சி மட்டும் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம், அப்புறம் எல்லோரிடமும் சொல்லலாம் என்று தன்னையே தாஜா பண்ணிக்கொண்டாள்.

---

கத்திரிக்கு, சிநேகிதனின் ஸ்டுடியோவுக்குப் பின்னால் உள்ள அறையில்தான் இப்போது வாசம். சோபாதான் கட்டில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. உள்ளே வந்தால் பகலா ராத்திரியா என்று தெரியாது. அவனுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

நேற்றைய ஒத்திகையின் ஒலிப்பதிவு அவனுக்கு வந்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் முகம் ஓடுகிற படத்துக்குக் கீழே அவள் குரலை வைத்து ஓடவிட்டான்.

இந்தப் படத்தை அவன் அவள் மூச்சின் நீளத்துக்குத்தான் வெட்டியிருந்தான். யாரும் அளந்து சொல்லவில்லை. அவள் சமையலறையில் நின்று சாதகம் செய்யும்போதெல்லாம் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டவன். எங்கே இழுப்பாள், எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். போன மாதம் அதே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவள் பாடியபோது இம்மி பிசகவில்லை. நேற்று மட்டும் எப்படிப் பத்தாமல் போனது?

மறுபடி ஓடவிட்டான். ‘வா’ நடுவில் வரும்போது ஏதோ கேட்டது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஒலியைக் கூட்டிக் கேட்டான்.

ஒரு துளி மூச்சு. யாருக்கும் தெரியாமல் மூக்கால் திருடி உள்ளே இழுத்த மூச்சு. அப்படியும் பத்தாமல் போயிருக்கிறது.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

இந்த மூச்சை அவன் முன்பே கேட்டிருக்கிறான். பாடகியின் பாட்டை வெட்டினானே, ‘நீளமா இருந்துச்சு’ என்று சொன்னானே, அந்தப் பாட்டில். அது அவள் முதல் தரம் உண்டாகியிருந்தபோது பாடிப் பதிவு செய்தது. அதிலும் நடுவில் இதே மாதிரி ஒரு திருட்டு மூச்சு இருந்தது. பிள்ளை போன பிறகு படத்தொகுப்பு அறையில் நாளெல்லாம் அந்த மூச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஆயிற்று. கேட்க முடியவில்லை. ஒரு நாள் வெட்டிவிட்டான். நீளம் என்றது பொய். ‘என்னால கேக்க முடியலை’ என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருந்தால் இந்தத் தொடர்கதையே வேறு மாதிரி போயிருக்கும். ஆம்பளைகளுக்கு அந்த ஒரு வார்த்தைதானே தொண்டையில் சிக்குகிறது.

போனை எடுத்தான்.

“அம்மா, அவ சாப்பிட்டாளா?”

“எதுக்குடா கேக்கறே?”

“சும்மாதான்.”

“ரொட்டி தின்னா. முட்டை வேண்டாம்னுட்டா.”

“முட்டைன்னா உயிரை விடுவாளேம்மா.”

“ஒத்திகைக்கு நேரமாச்சுடா, வைக்கறேன்,” என்றாள் அத்தை.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ வாயால சொல்ற வரைக்கும் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. காதுல விழுந்துச்சா?”

“சாரத்துல ஏறுவாளேம்மா. போன தடவை…”

“போன தடவை நானுந்தானே ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். எனக்கு மட்டும் அது மறந்துபோச்சா?” அத்தையின் குரல் இறங்கியது. “ஏறணுமா வேண்டாமான்னு அவதான் சொல்லணும். நீ போய் யார்கிட்டயாவது ஒப்பிச்சே, அப்புறம் அம்மான்னு என்னைக் கூப்பிடாதே. ஒரு தரம் அவளைக் கேக்காம வெட்டினது போதும்.”

போனை வைத்துவிட்டாள்.

கத்திரி இருட்டில் உட்கார்ந்திருந்தான். சொல்லக் கூடாது. சும்மாவும் இருக்க முடியாது. இன்றைக்கும் அவள் அந்த ‘வா’வைத் தூக்கிப் பிடிக்கத் தவித்தால் என்ன செய்வது?

படப்பிடிப்பில் எடுத்து ஒதுக்கி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். அன்று அவளுடைய பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டுக்கொண்டுதான் கேமரா முன்னால் நின்றான். ஒரு தடவை, அவள் குரலைக் கேட்டதும் தன்னையறியாமல் அவனே ஆழமாக ஒரு மூச்சை இழுத்துவிட்டான். தோள் ஏறி இறங்கியது. ‘இது வேண்டாம்ப்பா, செத்துப் போனவன் மாதிரியே இல்லை’ என்று டைரக்டர் அம்மா ஒதுக்கிய துண்டு அது.

அதைத்தான் எடுத்து நடுவில் வைத்தான். படத்தின் நீளம் மாறவில்லை. மேடை விளக்குகளும் அதனதன் நேரத்திலேயே எரியும். ‘வா’வின் பாதியில் திரையில் இருப்பவன் ஒரு மூச்சு வாங்குவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையும் யாரையும் கேட்காமல்தான் செய்து, எடுத்துக்கொண்டு தியேட்டருக்குக் கிளம்பினான். பழக்கதோஷம்.

---

மத்தியானம் தியேட்டருக்குள் எல்லா விளக்கும் அணைந்திருந்தது. நடு வரிசையில் டைரக்டர் அம்மாவின் மேஜைமேல் மட்டும் சின்ன விளக்கு ஒன்று. இசைக்குழுவை நடத்துகிறவர் குச்சியோடு தயாராக நின்றார். அத்தை அவருக்குக் குச்சிக்காரர் என்று பேர் வைத்ததிலிருந்து, கோரஸ் முழுக்க அந்தப் பேர்தான்.

கடைசிக் காட்சிக்கு முன்னால் பாடகிக்குப் பெல்ட் கட்டிவிட மேடைப் பணியாளர் வந்தார். அத்தை அவரை ஒதுக்கிவிட்டாள்.

“நான் கட்டறேன், நீங்க சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க.”

இடுப்பைச் சுற்றிக் கட்ட வேண்டிய பட்டையைக் கொஞ்சம் மேலேற்றி, நெஞ்சுக்குக் கீழே தோளோடு சேர்த்துக் கட்டினாள். வயிற்றுப் பக்கம் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடம் விட்டாள். பணியாளர் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். பாடகி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போய்ட்டு வா கண்ணு. அவசரமே இல்லை.”

பாடகி ஏறினாள். ஏற ஏறக் கீழே எல்லாம் மங்கி, காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்த தெரு மாதிரி ஆகிவிட்டது. கோரஸ் பெண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. காத்திருக்கும் தாய்மாரின் பாட்டு அடியில் எங்கேயோ முனகியது. அதில் அத்தையின் குரல் மட்டும் கொஞ்சம் சுருதி விலகி, ஆனால் கெட்டியாகக் கேட்டது. தான் பெற்றவன் தினமும் திரையில் சாவதைப் பார்த்துக்கொண்டே பாடுகிறாள், அத்தனை தைரியம் யாருக்கு வரும்?

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. திரையில் அவன் முகம் வந்தது.

அவள் பாடினாள். எந்த மாடியில் நிற்கிறாய். அவன் சிரித்தான். கீழே இறங்கி. அவன் கையைத் தூக்கினான்.

வா.

குரல் கிளம்பி இருட்டில் போயிற்று. பாதி வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றும் பத்தாது. விலாவுக்குள் ஏதோ மேலே முட்டியது. நேற்று மாதிரி கொஞ்சம் திருடிக்கொள்ளலாமா என்று அவள் தவித்த அதே நொடியில், திரையில் அந்தப் பெரிய முகம் வாயை லேசாகத் திறந்து மூச்சு வாங்கியது.

நேற்றுவரை அங்கே அது இல்லை.

அவன் தோள்கள் மெல்ல ஏறின. அவளும் தன்னையறியாமல் அவனோடு சேர்ந்து மூச்சு வாங்கினாள். திருடவில்லை, நெஞ்சு நிறைய, வயிறு நிறைய வாங்கினாள். அந்த ஒரு கணம் தியேட்டரில் எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு பேர் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் இருந்த மாதிரி அவளுக்குப் பட்டது. பிறகு இரண்டாவது ‘வா’ வந்தது, முதலாவதைவிட மெதுவாக, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி. திரையில் அவன் திரும்பிப் பார்த்தபோது அது முடிந்தது. சரியாக முடிந்தது. திரை இருண்டது.

கோரஸில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். குச்சிக்காரர் குச்சியை இறக்க மறந்து நின்றார்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. மேலே நின்றுகொண்டு அவள் அதையேதான் நினைத்தாள். நான் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக, இருண்ட திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். பின்வரிசை இருட்டிலிருந்து எழுந்து, நடுவழியே டைரக்டர் அம்மாவின் மேஜையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். மேலேயிருந்து பார்க்க ரொம்பச் சின்னதாகத் தெரிந்தான். மேஜை அருகே போய்க் குனிந்தான். விளக்கில் அவன் வாய் அசைவது தெரிந்தது.

சொல்கிறான்.

அந்தச் சந்தோஷம் அப்படியே கசந்துபோயிற்று. மறுபடியும் என்னைக் கேட்காமல். என் உடம்பு, என் பாட்டு, என் பிள்ளை, ஒரு வார்த்தை கேட்காமல் எவள் காதிலோ போய்க் குனிந்துகொண்டு நிற்கிறான். இறங்கி ஓடித் தடுக்கலாம் என்றால் பெல்ட்டின் கொக்கி சாரத்தோடு பூட்டியிருந்தது.

ஆனால் குரல் இருந்தது. இன்றைக்கு மூச்சும் இருந்தது.

“மேடம்,” என்றாள். பாட்டில்லை, வெறும் பேச்சு. அத்தனை பெரிய தியேட்டரில் அது தெளிவாகக் கேட்டது. “அவர் சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். நான் உண்டாகியிருக்கேன். தெரிஞ்சா ஏற விடமாட்டீங்கன்னுதான் மறைச்சேன். மூச்சு பத்தாததுக்குக் காரணம் பெல்ட் இல்லை.”

இரண்டாவது வரிசையில் மாற்றுப் பாடகி மெல்ல எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

கத்திரி நிமிர்ந்து மேலே பார்த்தான். முகம் வெளிறியிருந்தது.

“நான் அதைச் சொல்ல வரலை,” என்றான். “படத்தைக் கேக்காம மாத்தினது நான்தான், அவ மேல கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். வேற ஒரு வார்த்தை சொல்லலை. சத்தியமா.”

பாடகி சாரத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொல்லவில்லை. இந்த ஒரு தரம் அவன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவளேதான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கிறாள். இந்த மேடையும் சேர்ந்து உடைந்ததா என்பது தெரியவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள். கிடைக்கவில்லை.

டைரக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இருண்டு கிடக்கும் திரையைப் பார்த்தார். அப்புறம் சாரத்தைப் பார்த்தார்.

“நடுவுல மூச்சு வாங்கிட்டியேம்மா,” என்றார். அது குற்றமா பாராட்டா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. “நாளைக்கு முதல் நாள் காட்சி, திரை தூக்கணும். இவ பிழைச்சுக்குவான்னு இப்ப எனக்கே தோணிடுச்சு. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? முதல்ல இறங்கு. அப்புறம் பேசலாம்.”

மேடைப் பணியாளர் மேலே வந்து கொக்கியை விடுவித்தார். கத்திரி நாற்காலிகளில் இடித்துக்கொண்டே மேடைக்கு ஓடி வந்தான். அதற்குள் அத்தை வரிசையை விட்டு வந்து ஏணியின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“நீ அந்தப் பக்கம் பிடிடா,” என்றாள் மகனிடம், அவன் முகத்தைப் பார்க்காமலே. “கெட்டியாப் பிடி.”

அவன் பிடித்துக்கொண்டான். அத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“ஒவ்வொரு படியா இறங்கு கண்ணு. நாங்க இருக்கோம். வா.”

பாடகி உடனே இறங்கவில்லை. அங்கேயே நின்று ஒரு முழு மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகுதான் முதல் படியில் காலை வைத்தாள்.